தொங்குதராசும் கோதுமைக் கஞ்சியும்

அம்மாவின் முதல் சம்பளம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அரசாங்கத் தராசு வந்துவிட்டது. வட்ட முகத்தில் ஒரு முள், கீழே கொக்கி, கொக்கியில் மாட்டுவதற்குக் கால் நுழைக்கும் ஓட்டைகளோடு தைத்த துணிப்பை. அப்பா அதை உத்தரத்தில் கட்டி, பலசரக்குக் கடையில் நிறுத்து வாங்கி வந்த ரெண்டு கிலோ வெல்லத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது. கடைக்காரர்தான் சரியில்லை என்று தெரிந்தது.

அது 1981. மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியம். உலக வங்கிக் கடனுதவியோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை அதற்கு முந்தின வருஷம் முதன்முதலாக எங்கள் ஒன்றியத்தில்தான் தொடங்கியிருந்தார்கள். வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் உள்ளூரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணா, ஓரளவு படித்திருக்கிறாளா என்று பார்த்ததோடு நிற்கவில்லை. வசதியில்லாத வீட்டிலும் தன் பிள்ளையை நல்லபடியாக வளர்த்திருக்கிறாளா என்றும் பார்த்தார்கள். என் தம்பி அப்போது தொடையில் மடிப்பு விழுந்து கிடப்பான். அம்மாவின் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழை அவர்கள் அவ்வளவு கவனிக்கவில்லை, தம்பியின் தொடையைத்தான் கவனித்தார்கள் என்று அப்பா கடைசிவரை சொல்லிச் சிரிப்பார்.

மாதம் பிறந்தால் எடை போட வேண்டும். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரை உள்ள எல்லாப் பிள்ளைகளையும், ஒன்றுகூட விடாமல். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னால் போவேன். முதல் சில மாதங்கள் யாரும் பிள்ளையைத் தரவில்லை. கண்ணு பட்டுவிடும் என்ற பயம். "ஏத்தா டீச்சரு, பச்சப்புள்ளைய என்னத்துக்குக் கோழியாட்டம் தொங்க விடுற?" என்று ஒரு அப்பத்தா சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது. அம்மா வாதம் செய்யமாட்டாள். தம்பியைப் பைக்குள் இறக்கித் தொங்கவிடுவாள். அவன் காலை ஆட்டிக்கொண்டு சிரிப்பான். பிறகு ஒவ்வொருத்தியாக இடுப்புப் பிள்ளையை நீட்டுவார்கள். எடையை நான் அட்டையில் புள்ளியாக வைப்பேன். போன மாதப் புள்ளியோடு சேர்த்து அம்மா கோடு இழுப்பாள். கோடு ஏறினால் சரி. ஏறாமல் படுத்தால் அந்தப் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்குத் தினமும் காலையில் ஊட்டச்சத்து மையத்தில் ஓர் உருண்டை. தானிய மாவும் கடலையும் வெல்லமும் சேர்த்துப் பிடித்தது. பல் முளைக்காத பிள்ளைக்கு அம்மா அதை உடைத்து வெந்நீரில் குழைத்துத் தருவாள்.

அடுத்த வருஷம், 1982 ஜூலை முதல் தேதி, எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஊரெல்லாம் அதே பேச்சு. பெரிய அண்டா, சாம்பார் வாசனை, தட்டோடு வரிசை. அது பெரிய காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது ரெண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. பந்தியில் உட்காரத் தெரிந்த பிள்ளைக்குத்தான் இலை. எங்கள் அட்டைகளில் கோடு விழுந்ததெல்லாம் அதற்கு முன்னாடி. ஆறாம் மாதத்தில் தடுமாறத் தொடங்கி, ஒரு வயதுக்குள் படுத்துவிடும். நான் நாலாம் வகுப்புப் பிள்ளை. என் கண்ணுக்கே அது தெரிந்தது. ஐந்து மாதம் வரைக்கும் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி கொழுகொழுவென்று இருக்கும். அப்புறம்தான் எவள் வீட்டுப் பிள்ளை என்று எடையே சொல்லிவிடும்.

அம்மா வீடு வீடாகப் போய்க் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நேற்று என்ன கொடுத்தாய்?

பிறந்த அன்று சேனை. குணமான ஒரு பெரியவர் கையால் சீனித்தண்ணீர், சில வீடுகளில் தேன், கிடைத்தால் கழுதைப்பால். அதை நிறுத்தச் சொல்லி அம்மா வாய் வலிக்கப் பேசியிருக்கிறாள். குறிப்பாகத் தேன். ஒரு வயது ஆகாத பிள்ளையின் குடலில் தேனிலிருக்கும் ஒருவகை நுண்ணுயிர் நஞ்சு உண்டாக்கிவிடலாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதன்பிறகு தாய்ப்பால். அதில் குறையில்லை, எங்கள் பக்கம் ரெண்டு வயதுவரை கொடுப்பார்கள். சிக்கல் அதற்குமேல் எதுவும் கொடுக்காததில். "இன்னும் பால்குடிப் புள்ளதானே" என்பார்கள், பத்து மாதப் பிள்ளையைக் காட்டி. கொடுத்தாலும் வடித்த கஞ்சித்தண்ணீர், பருப்பு வெந்த தண்ணீர், இட்லியின் ஓரத்தில் ஒரு கிள்ளு. கெட்டியாகக் கொடுத்தால் மாந்தம் வரும். பருப்பு வாய்வு. வாழைப்பழம் சளி. முட்டை, மீன் எல்லாம் நடக்க ஆரம்பித்த பிறகு. இப்படிப் பாட்டிமார் போட்ட வேலி பெரிய வேலி.

அறியாமை என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். அம்மா அப்படிச் சொன்னதில்லை. கடலை பிடுங்கப் போகிறவள் விடியுமுன் கிளம்பிப் பொழுதுசாயத் திரும்புவாள். பிள்ளை தூளியில், தூளியை ஆட்டுவது ஏழு வயது அக்கா. அந்த அக்காவால் எப்படிக் கெட்டியாகக் குழைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்ட முடியும்? டம்ளரில் கஞ்சித்தண்ணீரை ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது. வயிற்றுப்போக்கு வந்த பிள்ளையை ஒருமுறை பார்த்தவள், அடுத்த தடவை கஞ்சியை இன்னும் நீர்க்கத்தான் கரைப்பாள்.

அன்றைக்கு அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு நாலு மாதம் முடிந்ததும் இணை உணவு தொடங்கலாம் என்பது. உலகம் முழுக்க அப்போது நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் என்றுதான் சொன்னார்கள். அம்மா நாலு என்று சொன்னால் ஊரில் பத்தாம் மாதம் தொடங்குவார்கள். அதனால் அவள் மாதத்தைப் பற்றிச் சண்டை போடுவதைச் சீக்கிரமே விட்டுவிட்டாள். சண்டையைக் கஞ்சியின் பதத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

ஏழு கிலோப் பிள்ளையின் வயிறு ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். அதைக் கஞ்சித்தண்ணீரால் நிரப்பினால் பிள்ளை ஏப்பம் விடும், தூங்கும், ஆனால் எடை ஏறாது. ஆறிலிருந்து எட்டு மாதம்வரை தாய்ப்பாலுக்கு மேல் ஒரு நாளைக்கு 200 கலோரி வேண்டும், ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் 300, ஒரு வயதுக்குமேல் 550 என்று இன்றைய புத்தகங்கள் எழுதுகின்றன. அம்மாவுக்கு அன்று கலோரிக் கணக்கு தெரியாது. கரண்டியைச் சாய்த்தால் வழியக்கூடாது, அதுதான் அவள் சோதனை. ஊர்ப் பெண்கள் அதற்குப் பதில் வைத்திருந்தார்கள்: கெட்டியாகக் கொடுத்தால் பிள்ளை தொண்டையில் சிக்குது, துப்புது.

இதற்கு ஒரு வழி அம்மாவுக்குப் பயிற்சியில் கிடைத்தது. சொல்லிக்கொடுத்தவர் மனையியல் கல்லூரி ஆசிரியை. கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைவிடச் செய்து, நிழலில் உலர்த்தி, முளையைத் தேய்த்து உதிர்த்து, லேசாக மட்டும் வறுத்து அரைத்த மாவு. அதிகம் வறுத்தால் பிரயோசனமில்லை. முளைக்கும் தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி ஒன்று ஊறும், தீயில் கருகினால் அது செத்துப்போகும்.

அந்த மாவை வைத்து அம்மா செய்துகாட்டியது எங்கள் தெருவில் ஒரு வேடிக்கை நிகழ்ச்சியாகவே ஆனது. கோதுமை ரவையைக் களிப் பதத்துக்குக் கிண்டி, கொதி அடங்கிக் கை பொறுக்கும் சூடு வந்ததும், கேழ்வரகு முளைமாவில் ரெண்டு சிட்டிகை தூவிக் கிளறுவாள். கொஞ்ச நேரத்தில் கரண்டி நின்ற களி தளர்ந்து, பாயசம் ஓடுகிற பதத்துக்கு வந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை, சத்து குறையவில்லை, பிள்ளை முழுங்கும். "டீச்சரு மந்திரம் போட்டுருச்சு" என்றார்கள். பின்னாளில் பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸும் அவர் மாணவிகளும் இதைத் திரும்பத் திரும்ப அளந்து எழுதியதைப் படித்தபோது, உயிரியல் ஆசிரியையான எனக்கு எங்கள் தெருத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. இன்றும் அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் கோதுமை மாவு, கடலைமாவு, வெல்லத்தோடு முளைகட்டிய கேழ்வரகும் கொஞ்சம் சேர்வது இந்தக் காரணத்தால்தான்.

அது கோதுமையாக இருந்ததில் ஒரு வம்பு உண்டு. எங்கள் பக்கத்துக்குக் கோதுமை அன்னியம். அம்மாவின் தலைமுறை அதை முதலில் பார்த்தது 1960களில் பள்ளி மதிய உணவில், கேர் நிறுவனம் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய உடைத்த கோதுமையில் செய்த உப்புமாவாக. அதற்கப்புறம் அது காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி, சர்க்கரை வியாதிக்காரருக்குச் சப்பாத்தி. வீட்டில் கோதுமை வாசனை வந்தால் யாருக்கு முடியவில்லை என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அதைக் குழந்தைக்கா? சூடு, செரிக்காது, மலம் இறுகும். அம்மா பிடிவாதம் பிடிக்கவில்லை. கேழ்வரகு இருக்கிறவள் கேழ்வரகு, அரிசி இருக்கிறவள் அரிசியும் பருப்பும், ரேஷனில் கோதுமை வந்தால் கோதுமை. ஆனால் எதைக் கொடுத்தாலும் முதல் நாள் ஒரு கரண்டி, மூன்று நாள் அதையே கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்தது, பாலை நிறுத்தாதே. தானியங்களுக்குள் சாதி பார்க்காத ஒரே ஆள் எங்கள் ஊரில் அவள்தான்.

எனக்குக் குழந்தை பிறந்தது 2002-ல், மதுரையில். அதற்குள் நாலு ஆறாகிவிட்டிருந்தது. 2001 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் என்று தீர்மானம் போட்டது. பெலாரஸ் நாட்டில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றுத் தொற்று குறைவாக வந்திருந்தது. வளர்ச்சியில் குறையும் இல்லை. இன்னொரு பக்கம், மாதம் நிறைந்து பிறக்கும் பிள்ளை அம்மாவின் வயிற்றிலிருந்து கொண்டுவரும் இரும்புச்சத்துச் சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதத்தில்தான் கரைகிறது. அதற்குப்பின் தாய்ப்பாலில் உள்ள இரும்பு போதாது. ஆக ஆறு என்பது இரண்டு பக்கமும் பொருந்தி வந்த எண். 2003-ல் நம் நாட்டின் குழந்தை உணவுச் சட்டத்தையும் திருத்தினார்கள். நாலு மாதம் என்று இருந்த இடத்தில் ஆறு மாதம் வந்தது.

இதெல்லாம் என் மாமியாருக்கு யார் சொல்வது? அவர் நாகர்கோவில்காரர். நாலாம் மாதமே ஏத்தங்காயைச் சீவிக் காயவைத்து இடித்த மாவை டின்னில் அடைத்துக் கொண்டுவந்துவிட்டார். கருப்பட்டி போட்டுக் காய்ச்சிய அந்தக் கூழின் மணம் இப்போதும் எனக்குப் பிடிக்கும். அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "மதினி, மாவு அருமையா இருக்கு. ரெண்டு மாசம் பத்திரமா வைங்க. பெறகு நீங்கதான் மொதக் கரண்டி குடுக்கணும்" என்றாள். மாமியார் டின்னை மூடினார். இருபது வருஷம் ஊர்ப் பாட்டிமாரோடு பழகியவள் பின்னே எப்படிப் பேசுவாள்.

நாலு மாதம் என்று ஊர் ஊராகச் சொன்னாயே, இப்போது ஆறு என்கிறார்களே என்று ஒருநாள் சீண்டினேன். "நாலுல எவடீ குடுத்தா?" என்றாள். அது உண்மை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பார்த்தாலும் அதே கதைதான். ஆறிலிருந்து எட்டு மாதத்துக்குள் தாய்ப்பாலோடு கெட்டி உணவும் கிடைத்த குழந்தைகள் இந்தியாவில் பாதிக்கும் குறைவு. ஆறு மாதத்திலிருந்து ரெண்டு வயதுக்குள் போதுமான அளவில், போதுமான வகையில் உணவு கிடைத்தவர்கள் நூற்றுக்குப் பதினொருவர்தான். நாலா ஆறா என்று பேப்பரில் வாதம் நடந்துகொண்டிருக்கும்போது, வீட்டில் தாமதமும் தண்ணீரும்தான் நடந்துகொண்டிருக்கிறது.

தம்பி, அந்தத் தொடை மடிப்புக்காரன், செடிகளைப் படிக்கிறேன் என்று போய் ஸ்வீடனின் வடக்கே உமியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். 2012 இலையுதிர்காலத்தில் அவனுக்கு மகன் பிறந்தான். அடுத்த வருஷம் மே மாதம், அம்மாவைத் தனியே விமானத்தில் அனுப்பப் பயந்து நானும் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். ஊர் முழுக்க வெள்ளைத்தோல் பூர்ஜ மரங்கள். 1888-ல் ஊர் எரிந்தபின் தீ பரவாமல் இருக்க நட்டது என்றான் தம்பி. ராத்திரி பதினொரு மணிக்கும் வெளிச்சம். குழந்தையும் தூங்கவில்லை, அம்மாவும் தூங்கவில்லை.

அந்தக் கடைகளில் குழந்தை உணவு அலமாரியைப் பார்த்து அம்மா நின்றுவிட்டாள். ஆறு மாதம், எட்டு மாதம், ஒரு வயது என்று வயது அச்சிட்ட பெட்டிகள். அதில் பாதி 'வெல்லிங்' என்ற ஒன்று. மாவும் பால்பொடியும் கலந்து, புட்டியில் ஊற்றிக் குடிக்கக் கொடுக்கிற கஞ்சி. கோதுமை, ஓட்ஸ். ராத்திரி ஒரு புட்டி வெல்லிங் கொடுத்துப் படுக்கவைப்பது அந்த நாட்டில் தலைமுறை தலைமுறையான பழக்கம். "இவுகளும் கஞ்சிதானா" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முளைமாவு உண்டா என்று என்னைக் கேட்டாள்.

குழந்தையை எடை போடக் குழந்தை நல நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த நர்ஸுக்கு அம்மாவைவிடக் கொஞ்சம் வயது குறைவு, ஓய்வுபெறும் பருவம். எடையைப் பார்த்துக் கணினியில் கோட்டைக் காட்டினார். அம்மாவுக்கு ஸ்வீடிஷும் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. கோட்டை விரலால் தொட்டு, "போன மாசம் சளி புடிச்சிச்சோ?" என்று தமிழில் கேட்டாள். தம்பி மொழிபெயர்த்தான். பிடித்திருந்தது. அதன்பிறகு நர்ஸ் எங்களை எழுந்திருக்க விடவில்லை, காபி கொடுத்தார்.

கோதுமை ஆரம்பித்துவிட்டீர்களா என்று அவர் தம்பியிடம் கேட்டார். பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கடி ரொட்டி, ஒரு சின்னக் கரண்டிக் கஞ்சி, அவ்வளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டவேண்டும் என்றார். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார் என்று அம்மா கேட்கச் சொன்னாள். அப்போதுதான் அந்தக் கதை வந்தது.

1980களின் நடுவில் அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு வயது, ஒன்றரை வயதுப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். வயிறு உப்பி, கை கால் குச்சியாகி, பின்புறம் வற்றி, வெளுத்து, எந்நேரமும் அழுதுகொண்டு, நாற்றமடிக்கும் பேதியோடு. தம்பி இதைச் சொல்லச் சொல்ல அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சவலை" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, "வீட்டுல சாப்பாட்டுக்கு வழியில்லாத புள்ளைகளா?" என்றாள். இல்லை. வசதியான வீடுகள். நாள் தவறாமல் வெல்லிங் குடித்த பிள்ளைகள்.

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தைச் சில உடல்கள் எதிரியாக எடுத்துக்கொண்டு, அந்தச் சண்டையில் தன் சிறுகுடலின் உள்தோலையே அழித்துக்கொள்ளும். சீலியாக் நோய் என்று பெயர். பரம்பரைக் கூறு இருந்தால்தான் வரும், ஆனால் கூறு இருப்பவர் எல்லாருக்கும் வருவதில்லை. சாப்பிட்ட உடனே தடிப்பும் வீக்கமும் வருகிற கோதுமை ஒவ்வாமை வேறு, இது வேறு. ஸ்வீடனில் ரெண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் அது சில வருஷங்களுக்குள் நாலு மடங்கானது. வேறெந்த நாட்டிலும் அப்படி நடக்கவில்லை. 1996 வாக்கில் மளமளவென்று இறங்கியும்விட்டது. ஏன் என்று தோண்டியவர்கள் அதே உமியோவில் அன்னெலி இவார்சனும் அவர் கூட்டாளிகளும். 1982-ல் அந்த நாட்டில் ஓர் அறிவுரை மாறியிருந்தது: கோதுமையை நாலாம் மாதம் தொடங்கவேண்டாம், ஆறாம் மாதம்வரை தள்ளிப்போடுங்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஏறத்தாழ அதே சமயம் கடையில் விற்ற குழந்தைக் கஞ்சிகளில் மாவின் பங்கும் கூடியது. பால் குடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை, பால் மறந்த பிறகு ஒரேயடியாகப் புட்டிப் புட்டியாகக் கோதுமை குடித்தது. 1996-ல் அறிவுரையைத் திரும்ப மாற்றினார்கள், கஞ்சியில் மாவையும் குறைத்தார்கள்.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "ஒரு நாளைக்கு எத்தன புட்டி?"

நர்ஸ் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். இதைத்தான் நாங்களும் முதலில் கேட்டிருக்கவேண்டும் என்றார். பிறகு ரெண்டு பேரும் கையால், கரண்டியால், கிண்ணத்தால் பேசிக்கொண்டார்கள். தம்பிக்கு மொழிபெயர்க்க அதிகம் மிச்சமில்லை.

ஊர் திரும்பிய பிறகு நான் இதை விடவில்லை, கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஸ்வீடன் கதை நான் நினைத்ததுபோல் அவ்வளவு சீராக முடியவில்லை. 2014 அக்டோபரில் ரெண்டு பெரிய சோதனைகளின் முடிவு ஒன்றாக வெளிவந்தது. ஐரோப்பாவில் பல நாடுகளில், சீலியாக் உள்ள குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு நாலாம் மாதத்திலிருந்து தினம் 100 மில்லிகிராம் குளூட்டன் கொடுத்துப் பார்த்தார்கள். இத்தாலியில் ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் தொடங்கிப் பார்த்தார்கள். முன்னால் கொடுத்ததால் நோய் தடைபடவில்லை, தள்ளிக் கொடுத்ததால் தப்பவுமில்லை. தள்ளினால் நோய் வெளிப்படுவதுதான் கொஞ்சம் தள்ளிப்போனது. தாய்ப்பால் கொடுக்கும்போதே தொடங்குவது காப்பாற்றும் என்று நர்ஸ் நம்பியதற்கும் அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. அதன்பின் ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்கள் நாலு மாதம் முடிந்து ஒரு வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், ஆரம்பத்தில் நிறையக் கொடுக்காதீர்கள் என்று மட்டும் எழுதினார்கள். 2019-ல் வந்த இன்னொரு நீண்டகால ஆய்வில், பரம்பரைக் கூறுள்ள பிள்ளைகள் முதல் ஐந்து வயதில் எவ்வளவு குளூட்டன் சாப்பிட்டார்கள் என்பதற்கும் நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. அம்மாவின் புட்டிக் கேள்வி சுற்றிச் சுற்றி அங்கே வந்து நின்றது என்று எனக்குப் பட்டது. மகள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகப் படலாம்.

நம் நாட்டுக் கணக்கு ஒன்றும் 2016-ல் வந்தது. வட இந்தியாவிலும் அசாமிலும் வேலூர்ப் பக்கத்திலும் ஆயிரக்கணக்கானவர்களைப் பரிசோதித்தார்கள். வடக்கே சீலியாக் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர், நம் பக்கம் ஆயிரத்துக்கு ஒருவர். பரம்பரைக் கூறு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது. மாறியது தட்டுதான். வடக்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை 455 கிராம், இங்கே 25 கிராம். அது பெரியவர்களின் தட்டு. அதைக் காட்டிக் கோதுமை விஷம் என்று வாட்ஸப்பில் ஓடுகிற செய்திகளுக்கு ஆதாரம் தேடாதீர்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது வெறும் தானியம்.

தள்ளிப்போட்டால் பத்திரம் என்ற எண்ணம் கோதுமையோடு நிற்கவில்லை. 2000-த்தில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், ஒவ்வாமை வாய்ப்புள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முட்டை ரெண்டு வயதில், நிலக்கடலை மூன்று வயதில் என்றார்கள். 2008-ல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். லண்டனில் கிடியன் லாக் குழு, எக்ஸிமா மோசமாகவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 பிள்ளைகளை எடுத்து, ஒரு பாதிக்கு நாலிலிருந்து பதினொரு மாதத்துக்குள் நிலக்கடலையை நைசாக அரைத்துக் கொடுக்கத் தொடங்கியது, மறுபாதிக்குக் கொடுக்கவே இல்லை. ஐந்து வயதில் பார்த்தால், சாப்பிட்டவர்களிடம் கடலை ஒவ்வாமை ஐந்தில் ஒரு பங்குதான். அது வெளிவந்தது 2015-ல். கொட்டாம்பட்டிப் பிள்ளைகள் உருண்டையில் அதைத்தான் சாப்பிட்டார்கள் என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் அந்த உருண்டையில் இருந்தது கொண்டைக்கடலை. வசதிக்காக அதை நிலக்கடலையாக்க முடியாது.

இப்போது என் சின்ன மாமா மகள் மேடவாக்கத்தில் இருக்கிறாள். அவள் பிள்ளைக்கு ஏழாம் மாதம். "மதினி, கோதுமை எப்பக் குடுக்கலாம்? ஒருத்தர் எட்டுங்கறாங்க, ஒருத்தர் ஒரு வயசுங்கறாங்க, ஆப்ல வேற மாதிரி போட்டிருக்கு" என்று குரல்பதிவு அனுப்பினாள். பிள்ளை கழுத்து நின்று, பிடித்தால் உட்காருகிறதா, கரண்டியைக் கண்டதும் வாய் திறக்கிறதா, நாக்கால் தள்ளாமல் உள்ளே வாங்குகிறதா என்று கேட்டேன். எல்லாம் ஆமாம். அப்படியானால் இன்றைக்கே கொடு, மதியத்துக்குள் கொடு, புதிதாக ஒன்று கொடுத்தால் அன்று பகலெல்லாம் கண்ணில் படட்டும் என்றேன். சம்பா ரவையைக் குழைய வேகவைத்து முதலில் ஒரு கரண்டி. முட்டையை நன்றாக வேகவைத்து மசித்துத் தா, பருப்பையும் கீரையையும் தண்ணீர் எடுக்காமல் அப்படியே கடைந்து போடு. நிலக்கடலை விழுதாக மட்டும், முழுக்கடலை வீட்டுத் தரையில்கூடக் கிடக்கக்கூடாது. உப்பும் சீனியும் இப்போது வேண்டாம். பிள்ளைக்கு எக்ஸிமா அதிகம் இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது சீலியாக் இருந்தாலோ முதலில் டாக்டரைப் பார். இல்லாவிட்டால் நாள் நட்சத்திரம் பார்க்காதே.

அம்மா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். போனைப் பிடுங்கி, "கரண்டி சாச்சா வழியக்கூடாது" என்று கத்தினாள். அத்தையின் சத்தம் மேடவாக்கம்வரை போனில்லாமலே கேட்டிருக்கும்.

பிள்ளை கோதுமையை முதல் நாள் துப்பிவிட்டானாம். ரெண்டாம் நாளும். ஒரு புதுச்சுவைக்குப் பிள்ளை வாய் பழக எட்டுப் பத்துத் தடவை ஆகும், அது நோயுமில்லை மாந்தமுமில்லை என்று சொல்லியிருக்கிறேன். இட்லியை மட்டும் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறானாம். அவள் இட்லிக்கு நடுவே கோதுமையை ஒளித்துவைத்துப் பார்க்கிறாள்.